ஒன்பது பகிடிப் பாட்டும் ஒரு தகரக் கூரையும்

இலங்கை மலையகத்தின் கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டுகளில் தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிப் பகிடிப் பாட்டு, அதாவது கேலிப் பாட்டு, எழுதி ஓர் ஆல்பமாக வெளியிட ஆசையாம். உள்ளே என்ன வேலை நடக்கும், எங்கே மாட்டிக்கொள்வோம், மெட்டுக்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா என்பது கேள்வி.

ஹட்டன் பக்கத்தில் நாங்கள் ஆறு பேர் இந்தக் கூத்தை ஒருமுறை செய்து முடித்திருக்கிறோம். 2023இல் தொடங்கும்போது மூன்று மாத வேலை என்று நினைத்தோம். ஒன்பது பாட்டுக்கு இரண்டு வருடம் ஆனது. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

முதல் விஷயம், பகிடி எழுதுவது மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்குதான். அது ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிடும். மீதி ஒன்பது பங்கும் கணக்கப்பிள்ளை வேலை. அசை எண்ண வேண்டும், சீர் எண்ண வேண்டும், எந்த எழுத்தில் தாளம் விழுகிறது, எந்த எழுத்தை இழுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மெட்டு காதில் ஏற்கெனவே பதிந்திருப்பதால் கேட்பவருக்கு ஓர் அசை கூடினாலும் உறுத்தும். சொந்த மெட்டில் அந்தப் பிழையைச் செய்தால் யாருக்கும் தெரியாது.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது ‘கொழுந்து’ என்ற சொல், பறிக்கிற தேயிலைத் தளிர்தான். தோட்டத்துப் பாட்டென்றால் அந்தச் சொல் இல்லாமல் முடியுமா? வரி முடிகிற இடத்தில் மூல மெட்டு நாலு தட்டுக்கு நீண்டு நிற்கிறது. ‘கொழுந்து’ குற்றியலுகரத்தில், அதாவது குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடிகிறது. இழுத்துப் பாருங்கள், ‘கொழுந்தூஊஊ’ என்று ஊளையிடுவது போலத்தான் வரும். ‘கூடையிலே’ என்று முடித்தால் ஏகாரம் எவ்வளவு நேரமும் நிற்கும். நாட்டார் பாட்டுகள் ஏன் ‘-லே’, ‘-யோ’, ‘-டி’ என்று முடிகின்றன என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. மைக்குக்கு முன்னால் நின்றபோதுதான் புரிந்தது. தாளம் பலமாக விழும் இடத்தில் வல்லினம் இருந்தால் சொல் தெறிக்கும், மெல்லினம் இருந்தால் அமுங்கிப் போகும். மூலத்தில் ஆகாரம் வரும் இடத்தில் உங்கள் வரியிலும் ஆகாரம் வந்தால் கேட்பவர் மனதில் இரண்டு பாட்டும் ஒரே நேரத்தில் ஓடும். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. சொல் மட்டும் பகிடியாக இருந்து ஓசை பொருந்தாவிட்டால் அது பட்டிமன்றத் துணுக்கு.

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். நாட்சம்பளம் பற்றி ஒரு பாட்டு. ஆயிரம் ரூபா வாங்கித் தருவதாகச் சொல்லிப் போன பெரிய மனிதர் திரும்பி வரவேயில்லை என்பது கதை.

‘ஆயிரம் வாங்கித் தாரேன்னு போனாரே
ஆளையே காணோமே சாமி’

ஆயிரம் ரூபா கோரிக்கை எத்தனை வருடம் இழுபட்டது என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. நாங்கள் எழுதும்போது அதுதான் சம்பளம். பாடி முடித்து, கோரஸ் சேர்த்து, எல்லாம் தயார். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளத்தை 1350 ஆக்கிவிட்டார்கள். மக்களுக்கு நல்லதுதான், எங்கள் பல்லவிக்குத்தான் கேடு. ‘ஆயிரத்து முன்னூற்றைம்பது வாங்கித் தாரேன்னு’ என்று எந்த மெட்டில் பாடுவது? மூச்சு விடக்கூட இடம் இல்லை. இரண்டு நாள் தலையைச் சொறிந்தோம். கடைசியில் கோரஸ் பாடிய தங்கச்சிதான் சொன்னாள், “அண்ணே, ‘சம்பளம்’னு பாடுங்களேன்.” யாப்பில் ஆயிரம் கூவிளம் என்ற சீர், சம்பளமும் கூவிளம். அச்சாகப் பொருந்தியது. அதோடு இனி எத்தனை முறை சம்பளம் மாறினாலும் பாட்டு பழசாகாது. பகிடிப் பாட்டில் எண்ணைப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டுமானால் எளிதில் மாற்றக்கூடிய இடத்தில் போடுங்கள்.

சிலர் இதைக் கேட்டுவிட்டு, தெரிந்த மெட்டில் வேறு சொல் போடுவது வெள்ளைக்காரன் விளையாட்டு, அமெரிக்காவைப் பார்த்துக் காப்பியடிக்கிறீர்கள் என்றார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு நம் ஊர்க் கதை தெரியாது. 1930களில் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் ஹட்டன் பக்கம் தொழிற்சங்கம் கட்டியபோது, கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் பாடுவார். அன்றைக்கு மக்கள் வாயில் இருந்த மெட்டுகளில் தொழிலாளரின் கஷ்டத்தை வைத்துப் பாடினார். 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு நூலாகவும் வந்தன. அது பகிடி இல்லை, பிரசாரம். ஆனால் நுட்பம் இதேதான். எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் மெட்டு ஏற்கெனவே இருக்கிறது, சொல்லை மட்டும் ஏற்றி அனுப்பினால் போதும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு நாட்டார் பாட்டுகளைப் பார்த்தால் வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் தோட்டத்துத் துரையும் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது தெரியும். மலையில் நின்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பாட்டாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னோடி என்றால் அவர்கள்தான்.

சரி, ஒலிப்பதிவுக்கு வருகிறேன். ஸ்டுடியோ என்று பெரிதாக நினைக்காதீர்கள். கலியாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவருடைய கணினி, இரண்டு மைக், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் ஒரு காம்பரா, அதாவது அறை. கூரை தகரம். தென்மேல் பருவமழை தொடங்கினால் தகரத்துக்குக் கீழே நாம் பேசுவதே நமக்குக் கேட்காது. ஜூன், ஜூலை இரண்டு மாதத்திலும் மொத்தம் நாற்பது நிமிடம்கூடப் பதிவு செய்திருக்க மாட்டோம். கூரையின் உட்பக்கம் பழைய கம்பளிகளைக் கட்டினோம். சுவரில் கொழுந்துக்காரப் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குகளைத் தொங்கவிட்டோம். எதிரொலி நன்றாகக் குறைந்தது, மழைக்கு அது ஒன்றும் செய்யவில்லை. மழை இல்லாத நேரத்தில் ரயில். பதுளைப் பக்கம் போகும் வண்டி சிங்கமலைச் சுரங்கத்தை நெருங்கும்போது ஊதுகிற ஊதல் எங்கள் மூன்றாவது பாட்டில் மெல்லியதாக இன்றைக்கும் இருக்கிறது. அதை எடுக்க முயன்றால் பாடியவரின் குரலும் சேர்ந்து தேய்ந்தது, விட்டுவிட்டோம். மழை நின்றால் சிவனொளிபாத மலை யாத்திரை சீசன். யாத்திரைக்காரரை ஏற்றிவரும் பஸ்கள் இரவெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும். அமைதியான மலைநாடு என்று சுற்றுலாக்காரர்கள் எழுதுவதை வாசித்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

பிறகு தப்பு, தோல் மேளத்தைச் சொல்கிறேன். கணினியில் தப்புச் சத்தம் கிடைக்கும், ஆனால் அது தப்பு இல்லை. தோட்டத்தில் அடிக்கும் ஒரு மாமாவை அழைத்து வந்தோம். தப்பைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகும். எங்கள் ஊர்ப் பனியில் பத்து நிமிடத்தில் அது தொய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் வாசலில் மிலாறு, அதாவது காய்ந்த தேயிலைக் குச்சி, போட்டுத் தீ மூட்ட வேண்டும். காய்ந்த உடனே ‘கிண்’ என்று கேட்கும், பாட்டு முடியும்போது ‘தொம்’ என்று இறங்கியிருக்கும். முதல் டேக்கிலிருந்து பாதியையும் நாலாவது டேக்கிலிருந்து பாதியையும் வெட்டி ஒட்டினால் இரண்டு வேறு தப்பு மாதிரி இருக்கும். வெட்டுவது சரிவராது, முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் அடித்தாக வேண்டும். பதினொரு டேக் போனது. காம்பரா முழுக்கப் புகை. பாட வேண்டியவர் இருமிக்கொண்டே இருந்தார்.

பாடியவர் காமன் கூத்தில் வளர்ந்தவர். திறந்த வெளியில், மைக் இல்லாமல், விடிய விடியப் பாடிப் பழகிய தொண்டை. மைக்குக்கு அருகில் நிறுத்தினால் கணினித் திரையில் எல்லாம் சிவப்பு. கடைசியில் அவரை வாசற்படியில் நிறுத்தி, மைக்கை உள்ளே வைத்துப் பதிவு செய்தோம்.

அந்தத் தப்படிக்கிற மாமாவிடம்தான் நான் ஒரு பாடம் வாங்கினேன். உடைந்துபோன போனுக்கு ஒப்பாரி வைப்பதாக ஒரு பாட்டு எழுதியிருந்தோம். அதற்குச் சாவுக்கு அடிக்கும் அடியைக் கேட்டேன். சாமிக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று தப்பில் தனித்தனியாக உண்டு. அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். “அது ஆளு செத்தாத்தான் தம்பி அடிக்கிறது. போன் செத்ததுக்கெல்லாம் அடிக்க மாட்டேன்.” கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் பேச்சு அதோடு முடிந்தது. கூட இருந்தவர்களில் ஒருவன் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கிறார் என்று நினைத்து இன்னும் ஐந்நூறு தருகிறோம் என்றான். அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் வேறு வழியில்லாமல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ப்ளாஸ்டிக் வாளியில் அடித்துப் பதிவு செய்தோம். போன் செத்த வீட்டுக்கு வாளிதான் சரியான மேளம் என்று கேட்கும்போதே தெரிந்தது. ஆல்பத்திலேயே அதிகம் சிரிக்கவைத்த சத்தம் அதுதான். அமெரிக்கப் பகிடிப் பாடகர் ‘வியர்ட் அல்’ யாங்கோவிக்கின் தொடக்கமும் இப்படித்தான். 1979இல் அவர் தன்னுடைய முதல் பகிடிப் பாட்டைப் பல்கலைக்கழகக் குளியலறையில் பதிவு செய்தார், எதிரொலி நன்றாக இருந்ததாம். அடுத்த வருடம் வானொலியில் நேரடியாகப் பாடும்போது டிரம்ஸ் இல்லாததால், அன்று அறிமுகமான ஒருவர் அக்கார்டியன் பெட்டியில் தட்டினார். தட்டியவர் பிறகு பல பத்து வருடம் அவருடைய டிரம்மராகவே இருந்தார். கையில் பணம் வந்த பிறகும் அந்த இசைக்குழு மூலப் பாட்டின் ஒவ்வொரு வாத்தியத்தையும் தாங்களே திரும்ப வாசித்துத்தான் பதிவு செய்கிறது.

தம்பி, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். நாங்கள் முதலில் இணையத்தில் எடுத்த கரோக்கே ட்ராக்கின் மேல் பாடி, சோதனைக்காக ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினோம். சில நிமிடங்களில் உரிமைக்காரரின் பெயர் வந்து நின்றது. ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கும் சொல்லுக்கும் இன்னோர் உரிமை. வாத்தியத்தை நீங்களே வாசித்தால் முதலாவதிலிருந்து தப்பலாம், இரண்டாவது அப்படியே இருக்கும்.

நான் வழக்கறிஞர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. படைத்தவர் காலமாகி 70 வருடம் வரை உரிமை நிற்கும். விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கு நியாயமான பயன்பாடு என்று ஒரு விலக்கு உண்டு. பகிடிப் பாட்டு என்று பெயர் சொல்லி அதில் இல்லை. அமெரிக்காவிலும் சட்டத்தில் பெயர் சொல்லி இல்லைதான், ஆனால் காசுக்கு விற்கும் பகிடிப் பாட்டும் நியாயமான பயன்பாடாக இருக்கலாம் என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது. அந்த வழக்கிலும் முக்கியமாகப் பார்த்தது, பகிடி மூலப் பாட்டையே சீண்டுகிறதா, இல்லை மெட்டை வெறும் வண்டியாக ஏறிப் போகிறதா என்பதைத்தான். தோட்டச் சம்பளத்தைப் பாடச் சினிமாக் காதல் மெட்டை எடுத்தால் அது பெரும்பாலும் வண்டிதான். நாட்டார் பாட்டு என்றால் கேள்வியே இல்லை என்றும் நினைக்காதீர்கள். வணிகத்துக்காக நாட்டார் வெளிப்பாடுகளைப் பயன்படுத்துவதற்கும் அதே சட்டத்தில் தனி ஏற்பாடு இருக்கிறது. விற்கப் போகிறீர்களானால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

யாங்கோவிக் அமெரிக்காவில் இருந்தும் அனுமதி கேட்டுத்தான் செய்கிறார், மூலப் பாட்டுக்காரருக்குப் பங்கும் போகிறது. கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்றில்லை. பிரின்ஸ் கடைசிவரை சம்மதிக்கவேயில்லை. பால் மெக்கார்ட்னியின் பாட்டு ஒன்றைக் கோழி இறைச்சி பற்றி மாற்றக் கேட்டபோது, தான் சைவம் என்பதால் வேண்டாம் என்றார். 1996இல் யாங்கோவிக், ஒரு ராப் பாட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று இசை நிறுவனத்தின் வழியாக வந்த சொல்லை நம்பிப் பாட்டை வெளியிட்டார். பாடகர் கூலியோ, நான் எங்கே சம்மதித்தேன் என்று வெகுவாகக் கோபப்பட்டார். பின்னாளில் அவரே சமாதானமாகி, அன்று கோபப்பட்டது தவறு என்றார். இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது, நடுவில் ஆள் வைக்காமல் இசையமைத்தவரிடமே நேரே பேச வேண்டும் என்பது.

இந்தியாவில் இருக்கும் உரிமைக்காரர்களுக்கு எழுதினோம், பதிலே இல்லை. பதில் இல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எங்களில் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள், நான் பயந்தாங்கொள்ளி. சினிமா மெட்டுகள் எல்லாவற்றையும் தூக்கிவிட்டோம். நம் நாட்டு இசையமைப்பாளர்கள் இரண்டு பேர் போனிலேயே சம்மதித்தார்கள், பிறகு எழுத்திலும் தந்தார்கள். ஒருவர் மட்டும் நிபந்தனை போட்டார், “பொம்பளைப் புள்ளைகளக் கிண்டல் பண்ணி எழுதக் கூடாது, சரியா?” மூன்று பாட்டு கும்மி, தாலாட்டு, தெம்மாங்கு நடையில் போனது. நாங்கள் காசுக்கு விற்கவும் இல்லை. மீதி நாலுக்கும் மெட்டு நாங்களே போட்டோம், ஆனால் கேட்டால் வேறொன்று மாதிரி இருக்கும். தேர்தல் வாகனத்தில் லவுட்ஸ்பீக்கரில் வரும் பாட்டு மாதிரி ஒன்று, திருவிழாவுக்குக் காலை நாலு மணிக்குப் போடும் பக்திப் பாட்டு மாதிரி ஒன்று, வானொலி விளம்பரம் மாதிரி ஒன்று, எண்பதுகளின் காதல் டூயட் மாதிரி ஒன்று. யாங்கோவிக் ஆல்பங்களிலும் பாதிக்குக் கிட்ட இப்படி நடையை மட்டும் பாவனை செய்யும் சொந்தப் பாட்டுகள்தான். வழக்கில்லாத வழி, வேலை இரட்டிப்பு. தேர்தல் பாட்டை ஒருவர் உண்மையென்று நம்பி எந்தக் கட்சி என்று கேட்டது எனக்குப் பெரிய பரிசு.

ஒரு பாட்டை முழுதாக முடித்துத் தூக்கி எறிந்தோம். மாலையில் கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு முந்திக்கொண்டு ஓடும் பெண்களைப் பற்றியது. எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. நண்பனின் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். முப்பது வருடம் மலையேறியவர். கடைசிவரை கேட்டார், சிரிக்கவில்லை. ‘படங்கு’ வரவேண்டிய இடத்தில் ‘சாக்கு’ என்று பாடியிருந்ததைத் திருத்தினார். பிறகு சொன்னார், “நாங்க ஓடுறதப் பாத்தா ஒனக்குச் சிரிப்பு வருது. தராசப் பாத்தா வரலியா?” நண்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த இரவே தராசு பற்றி வேறு பாட்டு எழுதினோம், கும்மி நடையில். தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், கூடையின் எடைக்கு என்றும் இலையின் ஈரத்துக்கு என்றும் கழித்துவிட்டுத்தான் கிலோ போடுவார்கள். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

‘கூடைக்கு ரெண்டு கிலோ, மழைக்கு ரெண்டு கிலோ
கூட்டிக் கழிச்சுப் பாத்தா நமக்கு எத்தன கிலோ?’

இதை அந்த அம்மாவிடம் போட்டுக் காட்டியபோதும் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டாவது சுற்றில் கூடச் சேர்ந்து பாடினார். பதிவில் இருக்கும் அந்தக் கட்டைக் குரல் அவருடையது. எழுதி முடித்ததும் உங்கள் நண்பர்களிடம் காட்டாதீர்கள் தம்பி, அவர்கள் எதற்கும் சிரிப்பார்கள். பாட்டில் வருகிற வேலையைச் செய்கிறவரிடம் காட்டுங்கள்.

வெளியீட்டு விழா என்று ஒன்றும் வைக்கவில்லை. பென்ட்ரைவில் போட்டு ஆட்டோக்காரர்களுக்கும் பஸ்காரர்களுக்கும் கொடுத்தோம், மீதியை வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டது. நாலாவது பாட்டு மீதிக் காசு தராத கண்டக்டரைப் பற்றியது. பொகவந்தலாவை போகும் பஸ் ஒன்றில் அதே பாட்டைப் போட்டுக்கொண்டு போவதாகக் கேள்விப்பட்டு, பார்க்கவேண்டும் என்றே ஏறினேன். முதல் சரணம் டிரைவரைப் பற்றியது, சத்தமாக ஓடியது. இரண்டாவது சரணம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கண்டக்டர் முன்பக்கம் போய் சத்தத்தைக் குறைத்தார். அது முடிந்ததும் கூட்டினார். எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த இடத்தில் முடிகிறது என்று எங்களை விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நோர்வூட்டில் இறங்கினேன். மீதி பத்து ரூபா வரவில்லை.